பிசிறு எழாமல் பலகை வெட்டுவது எப்படி?



ஒரு முக்காலியோ சுவர்த் தட்டோ செய்யும்போது இரண்டு சட்டங்களைக் குறுக்காகப் பொருத்துகிறோம். அளவு சரியாக இருக்கிறது, கோணமும் சரியாக இருக்கிறது. ஆனால் வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் எலி கடித்த ரொட்டியைப்போல் இருக்கிறது. ஓரத்து நார்கள் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்துவிட்டன. இதைச் சிலர் பிசிறு என்பார்கள், சிலர் சிலாம்பு என்பார்கள், சிலர் "நார் பேந்து போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். பெயர் எதுவானாலும் நட்டம் ஒன்றுதான். அந்த இணைப்பில் வாய் கூடாது. பசை முழுவதும் பிடிக்காது. வண்ணம் பூசினாலும் வடுத் தெரியும்.

வீட்டுக்குச் செய்யும் தட்டு என்றால் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துச் சமாளித்துவிடலாம். பிழைப்புக்குச் செய்யும்போது அப்படி முடியாது. ஜொகூரில் மூவார் வட்டாரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நம் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் மர ஆலைக்கும் தளவாடத் தொழிற்சாலைக்கும் போனவர்கள் உண்டு. வேறு சிலர் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு வேலை கற்கிறார்கள். அங்கே பிசிறு எழுந்த சட்டம் கழிவுக் குவியலுக்குத்தான் போகும். ஒரு நாளைக்குப் பத்துச் சட்டம் கழிந்தால் அந்தப் பையனின் பெயரும் சேர்ந்து கெடும். ஆகவே, மேசை ரம்பத்தில் மென்மரம் வெட்டும்போது இந்தப் பிசிறு ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பதை இன்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மென்மரம் என்றால் மெத்தென்று இருக்கும் மரம் என்று பலர் நினைக்கிறார்கள். மரநூலார் பிரிக்கும் விதம் வேறு. பைன் போன்ற ஊசியிலைச் சாதி மரங்கள் எல்லாம் மென்மரம். அகன்ற இலை விட்டுப் பூத்துக் காய்க்கும் மரங்கள் எல்லாம் வன்மரம். அந்தக் கணக்கில் நம் ரப்பர் மரம் வன்மரச் சாதியில் சேரும். விளையாட்டு விமானம் செய்யும் பால்சா மரம் கையில் கனமே தெரியாது, அதுவும் வன்மரம்தான்! நம் நாட்டு மலைக்காடுகளில் வளரும் டாமார் மினியாக் ஒரு மென்மரம். ஆனால் இன்று நம் கைக்கு எளிதில் கிடைக்கும் மென்மரம் பெரும்பாலும் பைன். நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து ரேடியாட்டா பைன் பலகையாகவே வருகிறது. இயந்திரங்களும் சாமான்களும் வந்து இறங்கும் பெட்டிகளிலும், பாலட் என்று சொல்லும் சரக்குத் தட்டுகளிலும் பைன் உண்டு.

பைன் பலகையின் முகத்தைப் பார்த்தால் வெளிறிய கோடும் கருத்த கோடும் மாறி மாறி ஓடும். மரம் விரைந்து வளரும் பருவத்தில் விட்ட பகுதி வெளிறியது, மிருதுவானது. வளர்ச்சி மெதுவான பருவத்தில் விட்டது கருத்தது, கடினமானது. ரம்பத்தின் பல் கருத்த கோட்டை வெட்டுகிறது. அடுத்த நொடியே மிருதுவான பகுதியில் விழுகிறது. அந்த மிருதுவான நார் எதிர்த்து நிற்காமல் மடங்குகிறது, நசுங்குகிறது, முடிவில் பக்கத்து நாரையும் இழுத்துக்கொண்டு பெயர்கிறது. இதனால்தான் பைனில் பிசிறு அதிகம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தென்னை ஈர்க்குகளை ஒரு பிடி கட்டி, அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கத்தியால் குறுக்கே அறுங்கள். முதலில் உள்ள ஈர்க்குகள் ஒழுங்காக அறுபடும். கடைசியில் உள்ள நான்கைந்து அறுபடாமல் வளைந்து, பட்டை உரிந்து தொங்கும். அதே கட்டை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து அறுத்தால் கடைசி ஈர்க்கும் சுத்தமாக அறுபடும். என்ன வேறுபாடு? பின்னால் தாங்கல் இருந்ததுதான். பலகை என்பதும் இறுக ஒட்டிய ஈர்க்குக் கட்டு போன்றதே. பல் மரத்துக்குள் நுழையும் இடத்தில் நாருக்குப் பின்னால் மரம் இருக்கிறது, அதனால் வெட்டுப்படுகிறது. பல் மரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் பின்னால் ஒன்றுமில்லை, அதனால் பெயர்கிறது. இன்று நாம் சொல்லப்போகும் எல்லா வழிகளுக்கும் இதுவே அடிப்படை.

அப்படியானால் மேசை ரம்பத்தில் பல் எங்கே வெளியேறுகிறது? ரம்பத்தட்டு மேசையின் அடியிலிருந்து மேலே எழுந்து நிற்கிறது. அதன் மேல் பற்கள் நம்மை நோக்கிச் சுழன்று வந்து, முன்பக்கத்தில் கீழே இறங்குகின்றன. நாம் பலகையை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறோம். எனவே பிசிறு இரண்டு இடங்களில் எழும். ஒன்று, மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பலகையின் அடிமுகம். மற்றொன்று, நம் பக்கம் இருக்கும் பின் ஓரம், அதாவது ரம்பம் கடைசியாக வெட்டி வெளியேறும் ஓரம். பலகையின் மேல்முகமும் முன் ஓரமும் அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பலகையை முழுதாகத் துண்டிக்கும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டிய நல்ல முகத்தை மேலே வைத்து வெட்ட வேண்டும். ஆனால் இணைப்புக்காகப் பள்ளம் வெட்டும்போது பள்ளம் விழும் முகம் கீழேதான் இருந்தாக வேண்டும். அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது.

ரம்பத்தைப் பற்றி நாம் சொல்வதைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் மற்றவர்களைவிட விரைவில் புரிந்துகொள்வார்கள். மழுங்கிய கத்தியால் பட்டையைச் சீவினால் என்ன ஆகும்? சீவல் ஒழுங்காக வராது, பட்டை கிழியும், மரத்தில் காயம் படும், அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். விடியற்காலையில் கத்தியைத் தீட்டிவிட்டுப் புறப்படுகிறவருக்கு ரம்பத்தின் கூர்மையைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டியதில்லை.

கூர்மையோடு பற்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பத்து அங்குல ரம்பத்தட்டில் 24 பல் உள்ளதும் உண்டு, 60 பல் உள்ளதும் உண்டு, 80 பல் உள்ளதும் உண்டு. 24 பல் தட்டு நார் ஓடும் திசையில் பலகையைப் பிளப்பதற்கு ஏற்றது. குறுக்கே வெட்ட 60 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ரம்பம் நிமிடத்திற்கு 4000 சுற்றுச் சுழல்கிறது, நாம் நிமிடத்திற்கு 3 மீட்டர் வேகத்தில் பலகையைத் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பல் தட்டில் ஒவ்வொரு பல்லும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கடிக்கும். 60 பல் தட்டில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கடிக்கும். சிறு கடியில் நார் வெட்டுப்படும், பெருங்கடியில் பிடுங்கப்படும். நாம் அவசரப்பட்டு இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளினால், 60 பல் தட்டு வாங்கிய பயனில் பாதியைத் தொலைத்துவிடுகிறோம். அதற்காக நின்று நின்று தள்ளவும் கூடாது. பைன் கருகி, பிசின் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரே சீராகத் தள்ள வேண்டும்.

பிசின் என்றதும் இன்னொன்று. பைனில் பிசின் உண்டு. அது பல்லின் பக்கங்களில் பழுப்பு நிறத்தில் படிந்துவிட்டால் கூரான பல்லும் மழுங்கிய பல்லைப்போலவே வேலை செய்யும். தட்டு போய்விட்டது என்று புதிது வாங்க ஓடுவதற்கு முன், மின்சாரப் பிளக்கைப் பிடுங்கி, தட்டைக் கழற்றி, வெந்நீரில் சவர்க்காரத் தூள் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் தேயுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். கம்பித் தூரிகையைக் கொண்டுபோக வேண்டாம். பல்லின் நுனியில் பற்றவைத்திருக்கும் கார்பைடு மிகக் கடினமானது, ஆனால் எளிதில் உடையக்கூடியது.

இனித் தாங்கல் கொடுக்கும் வழிகளுக்கு வருவோம். ரம்பம் மேலே எழும் துவாரத்தைச் சுற்றி மேசையில் ஒரு தட்டு இருக்கும். அதை வாய்த்தட்டு என்று சொல்லிக்கொள்வோம். கடையிலிருந்து வரும் வாய்த்தட்டில் ரம்பத்தைச் சாய்த்தும் வெட்டுவதற்காக வாய் அகலமாக விட்டிருப்பார்கள். ரம்பத்தின் இரு பக்கமும் இடைவெளி. கீழே இறங்கும் பல் அந்த இடைவெளிக்குள் நாரைத் தள்ளிவிடுகிறது. இதற்கு மருந்து, வாய் அகலம் இல்லாத வாய்த்தட்டு ஒன்றை நாமே செய்துகொள்வது. பழைய தட்டை அச்சாக வைத்து ஒட்டுப்பலகையில் அதே வடிவம் வெட்டி, மேசையோடு மட்டமாக உட்காரும்படி பொருத்த வேண்டும். உயரம் குறைந்தால் அடியில் காகித நாடா ஒட்டிச் சரிசெய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரம்பத்தை அடிவரை இறக்கி, கையால் சுற்றிப் பார்த்து, பல் தட்டில் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உரசினால் தட்டின் அடியில் கொஞ்சம் குடைந்துவிட வேண்டும். பிறகு ஒரு நீளமான கட்டையைத் தட்டின் மேல், ரம்பம் எழும் கோட்டுக்கு ஒரு பக்கமாக வைத்து, மேசையின் இரு ஓரத்திலும் கவ்வியால் இறுக்குங்கள். கையால் அமுக்கிப் பிடிக்கவே கூடாது. இப்போது இயந்திரத்தை ஓட்டி ரம்பத்தை மெதுவாக மேலே ஏற்றினால் அது தன் அகலத்துக்கு மட்டும் வழி செய்துகொண்டு வெளியே வரும். இனி அடிமுகத்து நாருக்கு வெட்டுக்கோடு வரை தாங்கல் உண்டு. ஒரே நிபந்தனை: இந்தத் தட்டு இருக்கும்போது ரம்பத்தைச் சாய்க்கக் கூடாது.

பின் ஓரத்துக்குத் தாங்கல் இன்னும் எளிது. பலகையைத் தள்ளப் பயன்படுத்தும் மைட்டர் கேஜ் என்னும் நகரும் தாங்கியில், ஒரு நேரான மரத்துண்டைத் திருகாணியால் பொருத்துங்கள். திருகாணி ரம்பம் போகும் பாதையில் இருக்கக் கூடாது. பலகை இந்தத் துண்டோடு ஒட்டி நிற்கட்டும். ரம்பம் பலகையை விட்டு வெளியேறும்போது வெறும் காற்றில் வெளியேறாமல் இந்தத் துண்டுக்குள் நுழையும். பிசிறு எழுவதானால் துண்டில் எழட்டும். அது காணிக்கையாகப் போகிற துண்டுதானே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நேற்று ஓர் அங்குல உயரத்தில் வெட்டிய பழைய வெட்டு அந்தத் துண்டில் இருக்க, இன்று அரை அங்குலம் வெட்டினால், வெட்டும் கோட்டுக்கு மேலே பள்ளம்தான் இருக்கும், மரம் இருக்காது. உயரம் மாறும் ஒவ்வொரு முறையும் துண்டைக் கொஞ்சம் நகர்த்திப் புது இடத்தைக் கொடுங்கள். தாங்கல் வைத்தும் பிசிறு வருகிறது என்று முறையிடுகிறவர்களின் துண்டைப் பார்த்தால் பெரும்பாலும் பழைய வெட்டில்தான் குற்றம் இருக்கும்.

அடுத்தது கத்திக் கோடு. வெட்டப்போகும் கோட்டின் மேல் பென்சிலுக்குப் பதிலாகக் கூரான கத்தியால், மூலைமட்டத்தைச் சார்த்தி, ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு மூன்று முறை கீறுங்கள். அடிமுகத்திலும் பின் ஓரத்திலும் கீற வேண்டும். நார் முன்னதாகவே அறுபட்டுவிட்டதால், ரம்பம் அதை இழுத்தாலும் கோட்டோடு நின்றுவிடும். கோடு கழிவுப் பகுதியின் எல்லையில் இருக்க வேண்டும். ரம்பம் கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். ஒரு மயிரிழை தவறிக் கோட்டைத் தாண்டி ஓடினால் கீறியது வீண்.

வெட்டுக்கோட்டின் மேல் காகித நாடா ஒட்டினாலே போதும் என்று சொல்வார் உண்டு. அதிலும் கொஞ்சம் பயன் இருக்கிறது. ஆனால் எங்கள் கணிப்பில் அது கத்திக் கோட்டுக்கு ஈடாகாது. மிருதுவான பைனில் நாடாவை உரிக்கும்போது நாடாவே நாரைப் பிடுங்கிக்கொண்டு வருவதும் உண்டு.

இவற்றைவிடச் செலவில்லாத ஒரு வழி, வேலையின் வரிசையை மாற்றுவது. இரண்டு அங்குல அகலச் சட்டம் வேண்டுமானால் முதலில் இரண்டரை அங்குலமாக வைத்துக்கொண்டு குறுக்குப் பள்ளத்தை வெட்டுங்கள். பின் ஓரத்தில் பிசிறு எழுந்தால் எழட்டும். பிறகு அந்த ஓரத்தை நீளவாட்டில் அரை அங்குலம் பிளந்து எடுத்துவிட்டால் பிசிறும் அதோடு போய்விடும். மரம் கொஞ்சம் வீணாகிறதே என்று தோன்றும். ஒரு சட்டம் முழுவதும் வீணாவதைவிட இது மலிவு.

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். முக்காலியின் அடிச்சட்டத்துக்காக இரண்டு பைன் சட்டங்களைச் சிலுவைபோல் பொருத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தைக் குடைந்து ஒன்றுக்குள் ஒன்று உட்காரவைக்கும் சரிபாதி இணைப்பு அது. சட்டம் இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். பழைய பாலட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு, அதில் உள்ள முத்திரையையும் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளில் பூச்சி ஒழித்த முறையைக் காட்டும் முத்திரை வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டில் ஓர் அனைத்துலக விதி ஏற்கப்பட்டது. ஆங்கில எழுத்தில் 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியது என்று பொருள், அதை எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு காட்டியது, அதை விட்டுவிடுங்கள். எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை உள்ளதும் வேண்டாம். ஆணியை எல்லாம் பிடுங்கி, காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். ஒரு முறிந்த ஆணி போதும், ரம்பப் பல்லைத் தெறிக்கவைக்க.

சட்டம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்த பைன் வெட்டுப்படாமல் பஞ்சாக நொய்ந்து வரும். முதலில் இரண்டு தோள் கோடுகளையும் கத்தியால் கீறுங்கள். ரம்பத்தை ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஏற்றி, இரண்டு தோள் கோடுகளிலும் ஒரு முறை ஓட்டுங்கள். இவ்வளவு தாழ்ந்த நிலையில் பற்கள் ஏறத்தாழப் படுக்கைவாட்டில் நாரை அறுத்துப்போகின்றன. கீழ்நோக்கிக் குத்திப் பெயர்ப்பதில்லை. அடுத்து ரம்பத்தைப் பாதிக் கனத்துக்கு, அதாவது அரை அங்குலத்துக்கு ஏற்றி, அதே தோள்களில் மறுபடி ஓட்டுங்கள். சட்டம் துளியும் நகராதிருக்க, பின்தாங்கல் துண்டில் ஒரு சிறு கட்டையை நிறுத்தமாகக் கவ்விக்கொண்டால் நல்லது. தோள்கள் இரண்டும் சுத்தமாக விழுந்த பிறகு நடுவில் உள்ள மரத்தை ரம்பத்தின் அகலம் அகலமாக வெட்டி எடுக்கலாம். அங்கே பிசிறு வந்தால் கவலையில்லை. அது கழியப்போகும் மரம். அடிப்பரப்பை உளியால் சமன் செய்துவிட்டு இரண்டாவது சட்டத்தைப் பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்கக் கூடாது. உயரம் சரியா என்பதை இந்தச் சட்டத்தில் சோதிக்காமல், அதே கனமுள்ள கழிவுத் துண்டில் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களும் கேட்டுக்கொண்டிருப்பதால் விரலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பத்து அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழலும்போது அதன் பல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. பள்ளம் வெட்டும் வேலையில் மேல்மூடியைக் கழற்ற வேண்டி வரும். வேலை முடிந்ததும் உடனே திரும்ப மாட்டிவிட வேண்டும். கை ரம்பத்துக்கு ஆறு அங்குலத்துக்குக் கிட்டே போகக் கூடாது. கையுறை போடாதீர்கள், அது பல்லில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். நீண்ட சட்டைக்கை, கழுத்துத் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் ஆகாது. கண்ணாடியும் தூசு மறைப்பும் போடுங்கள். பலகையை முழுதாகத் துண்டிக்கும்போது மைட்டர் கேஜையும் நீளவாட்டு வேலியையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். துண்டிக்கப்பட்ட கட்டை இரண்டுக்கும் நடுவில் சிக்கி, துப்பாக்கிக் குண்டைப்போல் நம்மை நோக்கிப் பறந்து வரும். இதனால்தான் ரம்பத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உண்டு. பாதுகாப்பான இயந்திரமும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை. கொடுத்ததைப் பயன்படுத்துவது தொழிலாளியின் கடமை. "மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டு, வேகமாக முடியும்" என்று யாராவது சொன்னால் மறுக்கலாம். விபத்து நேர்ந்தால், சின்னக் காயம்தானே என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. சொக்சோவுக்குத் தெரிவிக்கும்படி அன்றே கேட்க வேண்டும். பிற்பாடு விரல் மடங்காமல் போனால் அந்தப் பதிவுதான் பேசும்.

ரப்பர் பலகை வெட்டுகிறவர்களும் இந்த முறைகளையே கையாளலாம். ஒரு காலத்தில், பால் வற்றிய மரம் என்றால் அது விறகுக்குத்தான். வெட்டிய சூட்டோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் பூஞ்சையும் வண்டும் அண்டாது என்று தெரிந்த பிறகு, 1980-களில் அதே மரம் வெளிநாட்டுக்குப் போகும் மேசையாகவும் நாற்காலியாகவும் ஆயிற்று. ரப்பர் மரத்தில் பைனைப்போல் கருத்த கோடும் வெளிறிய கோடும் அவ்வளவு வேறுபடுவதில்லை; ஆகவே பிசிறு கொஞ்சம் குறையும். ஆனால் மழுங்கிய ரம்பத்தில் விரைவில் கருகும்.

மேசை ரம்பம் இல்லாமல் கைரம்பத்தால் வேலை செய்கிறவர்கள், ஈர்க்குக் கட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நாம் கடையில் வாங்கும் கைரம்பம் பெரும்பாலும் தள்ளும்போது வெட்டும். பிசிறு பலகையின் அடிமுகத்தில் எழும். நல்ல முகத்தை மேலே வைத்து, நான்கு பக்கமும் கத்தியால் கீறி, அடியில் ஒரு கழிவுப் பலகையைச் சேர்த்துக் கவ்விக்கொண்டு அறுங்கள். கடைசி அரை அங்குலத்தில் வேகத்தைக் குறைத்து, விழப்போகும் துண்டை ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாரத்தோடு முறிந்து விழுந்தால் மூலையையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் செய்தும் ஒரு செதில் எழுந்துவிட்டால், அதைப் பிய்த்து எறியாதீர்கள். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் பல் குத்தும் குச்சியால் அடியில் மரப்பசை தடவி, பழைய இடத்திலேயே படியவைத்து, நாடாவால் இழுத்து ஒட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். முழுதாகப் பெயர்ந்ததென்றால் மேசைக்குக் கீழே தேடி எடுத்து ஒட்டலாம். அதே மரம், அதே நார் என்பதால் கோடு தெரியாது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பது கடைசி வழி. அடைத்த இடத்தில் சாயம் ஏறும்போது அது மட்டும் கருத்துத் தெரியும். ஆகவே வண்ணம் பூசி மறைக்கப்போகும் சாமான்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.